ஏசி போட்டால் கீச் சத்தம்: ஃபேன் பெல்ட் மாற்றினால் போதுமா?

ஈரோட்டுக்காரன்:
பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஏசி போட்டாலோ, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாலோ மறுபடி அதே சத்தம். மெக்கானிக் ஏதோ ஸ்ப்ரே அடித்துவிட்டார். இரண்டே நாளில் பழைய கதை. பெல்ட்டில் வெடிப்பு எதுவும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பட்டறை அண்ணாச்சி:
தம்பி, ஏசி, பவர் ஸ்டீயரிங், ஆல்டர்நேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) எல்லாவற்றையும் சுற்றுவது இந்த பெல்ட்தான். அவற்றின் பாரம் ஏறும்போது கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட்டருக்குப் போன சார்ஜை ஆல்டர்நேட்டர் திரும்ப ஏற்றுகிறது அல்லவா, அதுவும் பாரம்தான்.

வெடிப்பு இல்லை என்று நம்பி இருக்காதீர்கள். பழைய நியோபிரீன் பெல்ட்தான் வெடித்துக் காட்டும். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் லேசில் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு நடுவே பள்ளம் அகலமாகி, புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரத்தில்) பிடிப்பு போய்விடும்.

இன்ஜின் ஓடும்போது வரிப் பக்கம் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் பெல்ட்டின் டென்ஷன் (இறுக்கம்) குறைவு. அடங்கிவிட்டு மறுபடி வந்தால் புல்லிகள் நேராக இல்லை. தள்ளி நின்று அடியுங்கள். கை, தோள் துண்டு எதுவும் பக்கத்தில் போகக்கூடாது.

ஈரோட்டுக்காரன்:
அடித்தேன் அண்ணாச்சி, சத்தம் கூடியது. பெல்ட் ஓரத்தில் ஆயில் பிசுக்கும் இருக்கிறது. நானே மாற்றலாமா?

மதுரை டீசல்:
முதலில் ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். பவர் ஸ்டீயரிங் ஹோஸ், வால்வு கவர் கேஸ்கெட் இரண்டையும் தடவிப் பாருங்கள். அதை விட்டுவிட்டுப் புது பெல்ட் போட்டால் அதுவும் ஊறிக் கெடும்.

ஆட்டோ டென்ஷனர் (பெல்ட்டைத் தானாகவே இறுக்கிப் பிடிக்கும் புல்லி) இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். இன்ஜின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். கழற்றும் முன் பெல்ட் போகும் வழியை மொபைலில் படம் எடுங்கள். இதைச் செய்யாமல் பாதியில் முழித்தவர்கள் நிறைய. ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பினால் பெல்ட் தளரும். டென்ஷனரே இல்லாமல் இழுத்து மாட்டும் ஸ்ட்ரெட்ச் பெல்ட் என்றால் தனி டூல் வேண்டும், பட்டறைக்கே போய்விடுங்கள்.

பழைய பெல்ட் முதுகில் 6பிகே1873 மாதிரி எண் இருக்கும்: 6 வரி, 1873 மில்லிமீட்டர் நீளம். உங்கள் வண்டி பெல்ட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். மாட்டியதும் எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று ஒவ்வொரு புல்லியாகப் பாருங்கள். ஒரு வரி வெளியே நின்றாலும் பெல்ட் பிய்ந்துவிடும்.

பட்டறை அண்ணாச்சி:
பெல்ட் கழன்றிருக்கும்போதே டென்ஷனர் புல்லியையும், ஐட்லர் புல்லிகளையும் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் வெறும் சக்கரங்கள்) கையால் சுற்றிப் பாருங்கள் தம்பி. சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். பெல்ட்டை மாற்றும்வரை தூரப் பயணம் வேண்டாம். ஓடும்போது அறுந்தால் பேட்டரி லைட் எரியும், ஸ்டீயரிங் கல்லாகும். வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் சூடு ஏறிவிடும், உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

ஈரோட்டுக்காரன்:
ஒழுகியது ஸ்டீயரிங் ஹோஸ்தான், மாற்றியாயிற்று. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் டென்ஷனர் புல்லி கரகரவென்று சுற்றுகிறது.

பட்டறை அண்ணாச்சி:
பேரிங் போய்விட்டது. அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கழற்றுகிற வேலை எப்படியும் ஒன்றுதான்.