மறுமொழி: இணைப்பி வெளிவிடும் குறியீடுகள், சொல் வேண்டும்

வணக்கம். நிரல் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பியின் (லிங்கர்) கையேட்டை வெள்ளிக்குள் தமிழாக்கித் தரவேண்டும். பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்நூலகத்திலிருந்து எந்தக் குறியீடுகள் (செயற்கூறு, மாறி ஆகியவற்றின் பெயர்கள்) வெளியே தெரியலாம் என்று வரையறுப்பதை எப்படிச் சொல்வது? "குறியீட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாடு" என்று எழுதினேன். சுங்கத்துறை அறிக்கை போலிருக்கிறது. லினக்ஸ் போன்றவற்றின் எல்ஃப் கோப்பு வடிவத்தில் டிஃபால்ட், இன்டர்னல், ஹிடன், புரொடெக்டட் என நான்கு நிலைகள்; நான்குக்கும் பெயர் தேவை.

---

> ஏற்றுமதி

கப்பல் சொல் எதற்கு? அகமும் புறமும் இருக்கின்றனவே. அகத்திணையில் தலைவன் பெயரைச் சுட்டக்கூடாது, சுட்டினால் புறம். இணைப்பியும் இதைத்தான் செய்கிறது. பெயர் வெளியே போனால் புறக்குறி, போகாவிட்டால் அகக்குறி. வேலில் வேம்பு சூட்டியிருந்தது, பாண்டியன் பூ என்பதற்காக ஒரு முழுப் பாட்டையும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் புறத்தில் சேர்த்தார். குறியீட்டுக் கசிவுக்கு இதைவிடப் பழைய சான்று உண்டா?

---

சான்று அருமை ஐயா, சொல்தான் உதவாது. சி மொழியில் ஸ்டேட்டிக் என்று அறிவித்த செயற்கூறு அந்த ஒரு கோப்போடு நின்றுவிடும். ஹிடன் அப்படியல்ல, நூலகத்தில் சேரும் இலக்குக் கோப்புகள் (ஆப்ஜெக்ட்) எல்லாம் அதைப் பெயர்சொல்லி அழைக்கலாம், நூலகத்தைத் தாண்டினால்தான் தெரியாது. இரண்டும் அகம் என்றால் வகுப்பில் நான் என்ன சொல்வேன்?

இன்னொன்று: டிஃபால்ட்டை "முன்னிருப்பு" என்று பெயர்க்காதீர்கள். 2005-இல் வந்த ஜிசிசி கம்பைலர் 4.0 முதல் ஒரே தெரிவால் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, வேண்டியதற்கு மட்டும் பண்புக்கூறு இட்டு வெளிவிடலாம். அப்போது முன்னிருப்பது ஹிடன்! விண்டோஸின் பகிர்நூலகமான டிஎல்எல்லிலோ, நாமாகச் சொல்லாமல் பெரும்பாலும் எதுவும் வெளியே போகாது.

---

அப்படியானால் நடுவிலுள்ளது அகப்புறம். இலக்கணம் எப்போதோ செய்துவைத்துவிட்டது.

---

அகப்புறம் என்றாலே கைக்கிளையும் பெருந்திணையும்தான். அவற்றைப் படித்தவர் "ஒருதலையா, பொருந்தாததா" என்று கேட்பார். படிக்காதவருக்கு அந்தச் சிரிப்பும் மிஞ்சாது.

வேற்றுமை உருபு தொக்கு நிற்பதுபோல, "தொக்க குறி" எனலாமே? பெயர் உள்ளே வேலைசெய்கிறது, வெளியே தெரிவதில்லை.

---

> தொக்க குறி

கம்பைலருக்குத் தொகுப்பி என்று வைத்தாயிற்று. தொகுத்த குறி என்றே படிப்பார்கள். ஹிடனுக்கு மறைகுறி, டிஃபால்ட்டுக்கு வெளிக்குறி, ஸ்டேட்டிக்குக்குக் கோப்புக்குறி. முடித்துக்கொள்ளுங்கள்.

---

ஆமோதிக்கிறேன். தூங்கப் போகவேண்டும்.

---

நன்றி. பொதுச்சொல் "தெரிநிலை", கீழே வெளிக்குறி, மறைகுறி, கோப்புக்குறி என்று கோப்பில் ஏற்றிவிட்டேன். இன்டர்னல் இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். புரொடெக்டட்டுக்குக் "காப்புக்குறி": வெளியே தெரியும், ஆனால் நூலகம் தன் குறியைத் தானே அழைக்கும்போது வேறொரு நிரல் அதே பெயரோடு குறுக்கே புகமுடியாது.

---

காப்பு என்றால் மறைப்பு என்றுதான் எண்ணுவார்கள். "மாறாக்குறி" பாருங்கள். ஏற்றுமதியைக் கைவிட்டது நல்லது, அகத்தைக் கைவிட்டது பிழை. என் எதிர்ப்பைக் கோப்பின் குறிப்பிலேயே சேர்க்கவும்.