முகம் தேய்ந்த ராஜராஜன் காசு

திருச்சியில் ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கியது. ராஜராஜ சோழனின் (985–1014) செப்புக்காசு. சேகரிப்பவர்களுக்கு இது அபூர்வமே இல்லை, தாராளமாகக் கிடைக்கிறது. கடைக்காரர் எழுத்து பளிச்சென்று தெரிகிற காசுகளைத்தான் எடுத்து வைத்தார். தட்டின் ஓரத்தில் கிடந்த இதை நான் எடுத்ததும், “அது வழவழன்னு போயிடுச்சு சார், வேற பாருங்க” என்றார். எனக்கு அதுதான் பிடித்தது.

முன்பக்கம் நிற்கும் உருவம், கையில் பூ. பின்பக்கம் அமர்ந்த உருவம், கையில் சங்கு. கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இந்தக் காசில் எழுத்து அநேகமாகப் போய்விட்டது, ஒரே ஒரு ‘ரா’ மட்டும் தட்டுப்படுகிறது. முகமும் இல்லை. ஆனால் அச்சு வெட்டியவர் முகத்தை நம்பி இதைச் செய்யவில்லை. ரோமானியக் காசில் மூக்கு தேய்ந்தால் பாதி அழகு போச்சு. இங்கே கோலம் போடுவதுபோல் புள்ளியும் கோடும்தான் உடம்பு. இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் ஆடை மடிப்பு, மடித்த முழங்கால், உயர்ந்த கை. எத்தனை கை மாறியும் அந்த வளைவுகள் அப்படியே நிற்கின்றன.

மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பார்க்க வேண்டும். மேடான இடமெல்லாம் விரல் பட்டுப் பட்டு செம்பழுப்பாகிவிட்டது, பள்ளத்தில் கரும்பச்சைக் களிம்பு தங்கியிருக்கிறது. அந்த நிற வித்தியாசத்தில்தான் உருவம் எழுந்து வருகிறது. புதுக்காசில் இது கிடையாது. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். களிம்போடு சேர்ந்து ஓவியமும் போய்விடும். அப்படித் தேய்த்துப் பளபளவென்று விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இந்த உருவமைப்பு கடல் தாண்டியும் போனது. இலங்கையில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, அப்புறம் அரசி லீலாவதி, இவர்கள் காசிலும் இதே நிற்கும் உருவம், இதே அமர்ந்த உருவம். பெயர் மட்டும் வேறு. அங்கே கோடுகள் இன்னும் சுருங்கி, கிட்டத்தட்ட குறியீடாகிவிட்டன என்பது என் கணிப்பு. படத்தில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். தேய்ந்த லீலாவதி காசு யாரிடமாவது இருந்தால், விளக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அந்த ஆடை மடிப்பு எப்படித் தெரிகிறது என்று சொல்லுங்கள்.