நுனிக்காலில் நடக்கும் சி.பி. குழந்தை: போடாக்ஸா, ஆபரேஷனா?

ஆதிரைஅம்மா:
மகளுக்கு 4 வயது. 32 வாரத்தில் பிறந்தவள். சி.பி. (மூளை பாதிப்பால் வரும் அசைவுக் கோளாறு), அதில் ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா (முக்கியமாக இரண்டு கால்களும் இறுகும் வகை), ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற இயக்கத்திறன் அளவீட்டில் நிலை 2. தானாக நடப்பாள், ஆனால் குதிகால் தரையில் படாது, முட்டிகள் உரசும். ஒரு டாக்டர் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) என்கிறார், இன்னொருவர் குதிநரம்பை (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாணை) நீட்டும் ஆபரேஷன் என்கிறார். போடாக்ஸில் சரியாகிவிடுமா?

பிசியோ_வைகை:
கெண்டைக்கால் தசை முறுக்கிக்கொள்கிறதா, குறுகியே போய்விட்டதா என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் பிசியோவை இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்: முட்டியை நீட்டி, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தைச் சற்று உள்பக்கம் திருப்பி மேலே மடக்க வேண்டும். திருப்பாமல் மடக்கினால் நடுப்பாதம் வளைந்துகொடுத்து, கணுக்கால் மடங்குவதுபோல ஏமாற்றிவிடும். வேகமாக மடக்கும்போது வெடுக்கென்று தடுத்து, மெதுவாக மடக்கினால் அதைத் தாண்டிப் போகிறதா? போடாக்ஸ் கேட்கும். இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் ஊசி மட்டும் போதாது. வாரம் ஒன்றோ இரண்டோ கழித்து மாற்றி மாற்றிப் போடும் மாவுக்கட்டு வேண்டும்.

மருந்தின் வேலை 3-4 மாதம்தான். மூளையில் உள்ள பாதிப்பு அப்படியேதான் இருக்கும். அந்த இடைவெளியில் நீட்டல் பயிற்சியும் ஏ.எஃப்.ஓ.வும் (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கி) படி ஏறும் பயிற்சியும் நடக்காவிட்டால் காசு தண்டம்.

ஆர்த்தோ_குறிஞ்சி:
ஆபரேஷனுக்கு 4 வயது சீக்கிரம். டைப்ளீஜியாவில் குதிநரம்பை அதிகம் நீட்டிவிட்டால் கெண்டைக்கால் வலுவிழக்கும். பிறகு குழந்தை முட்டியை மடக்கிக் குந்தினாற்போல நடக்கும். அதைத் திருத்துவது நுனிக்கால் நடையைத் திருத்துவதைவிடக் கடினம். பள்ளி வயதில், இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒரே தடவையில் செய்வதே வழக்கம்.

முட்டி உரசுகிறது என்றால் தொடையின் உள்தசை இறுகியிருக்கிறது. இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சா?

ஆதிரைஅம்மா:
யாரும் சொல்லவில்லை சார். ஏ.எஃப்.ஓ. போட்டாலே அழுகிறாள்.

காலணி_தச்சர்:
மடிப்பில்லாத நீளச் சாக்ஸ் போடுங்கள். முட்டியை மடக்கி, குதிகாலை அடிவரை உட்காரவைத்து, முதலில் கணுக்கால் பட்டையை இறுக்குங்கள், பிறகு மேல்பட்டை. மேல்பட்டையை முதலில் இறுக்கினால் குதிகால் எழும்பி உரசும். கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையாத இடத்தைப் பேனாவால் குறித்து, செய்துகொடுத்தவரிடமே காட்டுங்கள். சூடாக்கித் தள்ளிக் கொடுப்பார்.

ஆர்த்தோ_குறிஞ்சி:
எக்ஸ்ரேயை உடனே எடுங்கள். வலியே இல்லாமல் இடுப்பு நழுவும். முட்டிச்சில்லு இரண்டும் மேலே பார்க்க, கால்கள் பின்னிக்கொள்ளாமல் எடுக்கச் சொல்லுங்கள். கோணலான படத்தில் அளவு தப்பும். தொடை எலும்பின் பந்து 30%க்கு மேல் இடுப்புக் கிண்ணத்துக்கு வெளியே இருந்தால் குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.