தையல் சான்றிதழ் இருக்கிறது, தையல் வேலை இல்லை: முகாம் பெண்களுக்கு வழி சொல்லுங்கள்

கேட்டவர்: முகாம் மகள்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து எழுதுகிறேன். 1990-ல் அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகேறி வந்தார்கள். நான் இங்கேயே பிறந்து பி.காம் முடித்தவள். அப்பா பெயிண்டர். புதுச்சேரியில் எத்தனையோ வீடுகளுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தது எங்கள் முகாம் ஆட்கள்தான்.

எங்கள் பெண்களுக்கு இதுவரை மூன்று முறை தையல் பயிற்சி நடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஜாக்கெட், சுடிதார், கடைசி நாளில் சான்றிதழ், போட்டோ. 2021-ல் அரசு உதவித்தொகையை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000. அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் மூன்று சான்றிதழ்களும் பீரோவில்தான் கிடக்கின்றன.

போன மாதம் நான்கு அக்காக்களை ஒரு தையல் கம்பெனிக்குக் கூட்டிப் போனேன். ஆதாரைப் பார்த்தார்கள், "முகாமா?" என்றார்கள். போன் செய்கிறோம் என்று அனுப்பினார்கள். செய்யவில்லை. இனி எந்தப் பயிற்சி எடுத்தால் வேலை கிடைக்கும்?

லாஸ்பேட்டை தையல் அக்கா

தங்கச்சி, இன்னொரு வகுப்பு வேண்டாம். நான் ஆறு மெஷின் வைத்து நைட்டியும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறேன். மிதி மெஷினில் ஒரு ஜாக்கெட்டை முழுதாகத் தைப்பது வேறு, பவர் மெஷினில் நாள் முழுக்கக் காலர் மட்டும் வைப்பது வேறு. எனக்கு வேண்டியது ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் மெஷின், ஓட்டிப் பழகிய கை. ஆர்டர் ஓடும் இடத்தில் பத்து நாள் உட்கார்ந்தால் அது வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆள் கிடைக்காமல் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த நான்கு பேரையும் அனுப்பு. பழகும் நாட்களிலும் பீஸ் கணக்கில் காசு தருவேன். கை வந்த பிறகு, வெட்டிய துணியை முகாமுக்கே அனுப்பலாம். அங்கே எண்ணி வாங்கி, பிசிறு பார்த்து, கணக்கு எழுத ஒருவர் வேண்டும். நீ பி.காம்தானே?

குறிஞ்சிப்பாடி அண்ணன்

நானும் முகாம்தான். அதிகாரிகள் முகாமுக்கு வந்து ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் நாள் எது என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் லீவு போட்டால் அந்த வேலை அதோடு போச்சு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை, அது தீராத வலி. ஆனால் வெளியே போய் வேலை செய்ய நமக்குத் தடையில்லை. இது தெரியாமல்தான் பல முதலாளிகள் பயப்படுகிறார்கள். சந்திரஹாசன் ஐயா 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டர் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். பேச ஒரு ஆள் இருந்தால் அந்தப் பயம் குறையும்.

முகாம் மகள்

அக்கா, படிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். நால்வரில் இருவருக்குக் கைக்குழந்தை. அவர்கள் வீட்டிலிருந்தே காஜா, பட்டன் போட முடியுமா? மற்ற இருவரோடு திங்கட்கிழமை வருகிறேன். அன்று செக்கிங் இல்லை.