மூக்கிலிருந்து நூல் நூலாக வருவது கரும்புள்ளிதானா?

புள்ளிக்கோலம்:
எனக்கு 27 வயது. பரு கிடையாது, அரிப்பும் எரிச்சலும் இல்லை. மூக்கு நுனியிலும் இரண்டு ஓரங்களிலும் மட்டும் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்த மாதிரி வரிசையாக. போன மாதம் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் பார்லருக்குப் போனேன். “மூக்கெல்லாம் கரும்புள்ளி அக்கா” என்று பத்து நிமிடம் ஆவி காட்டி, கம்பி வளையத்தால் அழுத்தி எடுத்தார்கள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டிஷ்யூவில் காட்டினால் கறுப்பாக ஒன்றுமே இல்லை. இடியாப்பம் பிழிந்த மாதிரி, மெழுகு நிறத்தில் குட்டிக் குட்டி நூல்கள்! கல்யாணத்தன்று மூக்கு பளிச். மூன்று வாரத்தில் அத்தனையும் திரும்பவும் அதே இடத்தில். கம்பி அழுத்திய இடத்தில் பழுப்பாக ஒரு தடம் வேறு. தினமும் நான்கு முறை சோப்பு போடுகிறேன். இன்னும் என்ன அழுக்கு?

மருந்துச்சீட்டு:
சகோதரி, முதலில் அந்த நான்கை இரண்டாக்குங்கள். அது அழுக்கே இல்லை.

பதினோரு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். மருத்துவன் இல்லை, ஆனால் இதில் அடிபட்டவன். கல்லூரியில் ஞாயிறுதோறும் மூக்கில் கரும்புள்ளி எடுக்கும் பட்டை ஒட்டி உரிப்பேன், ஒருமுறை தோலும் சேர்ந்து வந்தது.

அந்த நூலுக்குச் செபேசியஸ் ஃபிலமென்ட் என்று பெயர். ஒவ்வொரு முடிக்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கும். அதில் ஊறும் எண்ணெய், உதிர்ந்த தோல் செல்கள், அங்கேயே குடியிருக்கும் கிருமிகள் எல்லாம் சேர்ந்து துளையின் உட்சுவரை ஒட்டி மெல்லிய குழாய் மாதிரி நிற்கும். எண்ணெய் மேலே வரும் வாய்க்கால் அது. மூக்கில் சுரப்பி பெரிது, முடியோ கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் புள்ளி எடுப்பாகத் தெரிகிறது. பிழிந்து எடுத்தாலும் சுரப்பி சும்மா இருக்காதே, சில வாரங்களில் நிரம்பிவிடும்.

கரும்புள்ளி வேறு. அதில் துளையின் வாய் அடைத்துப் போகும். அந்த அடைப்பின் மேல்பகுதி காற்றுப் பட்டும், தோலின் நிறமியாலும் கறுக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, விரலில் தட்டுப்படும். உங்களுடையது சமதளமாக, வரிசையாக இருப்பதாகச் சொல்கிறீர்கள்.

வெயில்காரன்:
ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்கிறார்களே? என் அத்தை எலுமிச்சையும் சமையல் சோடாவும் தேய்க்கச் சொன்னார்.

மருந்துச்சீட்டு:
திறந்து மூட அங்கே தசை ஏது? சூட்டில் எண்ணெய் இளகும், அவ்வளவுதான். அத்தையிடம் எலுமிச்சையை ரசத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகத்தில் வேண்டவே வேண்டாம், எரிந்துவிடும்.

புள்ளிகள் கொஞ்சம் மங்கினால் போதும் என்றால், 2 சதவீதச் சாலிசிலிக் அமிலம் கலந்த பூச்சு போடலாம். அந்த அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் துளைக்குள் இறங்கும். வாரத்தில் இரண்டு மூன்று இரவு என்று ஆரம்பியுங்கள், காய்ந்து உரிந்தால் குறைத்துவிடுங்கள். பருவுக்குப் போடும் அடாபலீன் ஜெல்லும் உண்டு, ஆனால் அதைத் தோல் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றாலோ வேண்டாம். எதைப் போட்டாலும் நிறுத்தினால் புள்ளிகள் பழையபடி தெரியும். பழுப்புத் தடம் மறைய மாதக் கணக்கில் ஆகலாம். நம் நிறத்துத் தோலில் நசுக்கிய இடம் அப்படித்தான் கறுக்கும். வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள். சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கடைக்கு வராதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள்.

புள்ளிக்கோலம்:
நன்றி அண்ணா. சோப்பைக் குறைத்துவிட்டேன். மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவின் மூக்கை உற்றுப் பார்த்தேன். அதே புள்ளிகள், அதே வரிசை. “என்னடி, மூக்குத்தியில் கல் விழுந்துவிட்டதா?” என்று தடவிப் பார்க்கிறார்.