கடலூரின் இருபதாண்டுத் திட்டம்: குடியிருப்பவர்கள் எங்கே நுழைவது?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்வாசி)

அனைவருக்கும் வணக்கம். வார்டின் ஒரு பகுதியில் குடியிருப்பவர்கள் கூடிப் பேசும் எங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்குச் சென்றமுறை முப்பது பேர் வந்திருந்தோம். தெருவிளக்கு, குப்பை வண்டி, அடைத்துக்கொண்ட வடிகால் ஆகியவற்றைப் பேசி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. 2015-இலும் 2024 டிசம்பரிலும் வெள்ளத்தில் தவித்த இந்த ஊர், இன்னும் இருபது ஆண்டுகளில் எந்த நிலத்தில் வீடு கட்ட விடப்போகிறது, எந்த வாய்க்காலைத் திறந்து வைத்திருக்கப்போகிறது என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டபோது, "அதெல்லாம் மேலே முடிவாகிற விஷயம்" என்று சொல்லிவிட்டார்கள். ஊரின் எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும் இந்த முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எங்களைப் போன்றவர்கள் எந்தக் கட்டத்தில் கருத்துச் சொல்ல முடியும்? ஒப்புதல் கிடைத்த பிறகு அது நடக்கிறதா என்று யார் கவனிப்பது?

பதில் 1 (ஓய்வுபெற்ற நில அளவையர், மஞ்சக்குப்பம்)

மேலே முடிவாகிறது என்பது பாதிதான் உண்மை, ஐயா. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி இறுதி ஒப்புதல் தருவது அரசுதான். ஆனால் அதற்கு முன்னால் வரைவை அறிவித்து, எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்தாக வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஆள் திரட்டத் தொடங்கினால் அந்த இரண்டு மாதமும் ஓடிவிடும் என்பதால், புலப்படங்களையும் (நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த படங்கள்) அ-பதிவேட்டு நகல்களையும் (சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள பதிவேடு) இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் பகுதியைக் காப்பாற்றுங்கள்" என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, சர்வே எண், வரைவில் அந்த நிலத்துக்குக் காட்டியிருக்கும் பயன்பாடு, அதை ஏன் மாற்ற வேண்டும் என்ற காரணம் ஆகிய மூன்றும் உள்ள ஒரு பக்கக் கடிதத்துக்கு வலு அதிகம்.

பதில் 2 (முதுநகர் ஆசிரியை)

நாங்கள் எங்கள் தெருக்களில் செய்து பார்த்ததை எழுதுகிறேன். வார்டு வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கோயில் மண்டபத் தரையில் விரித்து, வெள்ளம் நின்ற இடத்தில் புளியங்கொட்டை வைக்கச் சொன்னோம். மீன் விற்கும் ஓர் ஆயாவுக்கு முதலில் படம் பிடிபடவில்லை. துறைமுகம் இது, பாலம் இது என்று காட்டியதும், விரலால் ஒரு கோடு இழுத்து, "இங்க தண்ணி நிக்கலம்மா, போக வழியில்லாம திரும்பி வருது" என்றார். அச்சிட்ட படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. பழைய புலப்படத்தை எடுத்துப் பார்த்தால், அதே இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கிறது!

காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் அந்த ஆயா சந்தையில்தான் இருப்பார். நாங்கள் மாலை ஏழு மணிக்கு வைத்தோம். "சொந்த வீடு இல்லையே" என்று ஒதுங்கி நிற்கும் வாடகைக் குடும்பங்களையும் நேரில் போய் அழைக்க வேண்டும். தண்ணீர் முதலில் நுழைவது பெரும்பாலும் அவர்கள் இருக்கும் தாழ்ந்த வீடுகளில்தான்.

பதில் 3 (புதுச்சேரியிலிருந்து)

எங்கள் ஊரில் 1968-க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். அதில் தேர்வானவர்களுடைய பதவிக்காலம் 2011-இல் முடிந்த பின், பல ஆண்டுகள் கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒருவரும் இல்லை. அதனால் உங்கள் பகுதி சபையை, முப்பது பேரே வந்தாலும், தயவுசெய்து கைவிடாதீர்கள்.

நிறைவேற்றம் பற்றிய கேள்விக்கு என் பதில் பணம்தான். கேரளத்தில் 1996-இல், ஊர் வேலைகளை மக்களே கூடித் திட்டமிடும் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பேசுவது வேலையாக மாறும் என்ற நம்பிக்கை இருந்ததால் மக்களும் வந்தார்கள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பாகவே, முழுமைத் திட்டத்தில் உள்ள எந்த வேலைக்கு இந்த ஆண்டு நிதி என்று சபையில் கேட்டு, அதைத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அப்போது உங்கள் தீர்மானங்களே ஆவணமாக நிற்கும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தை மாலையில் வைக்கக் கோரி இன்றே கடிதம் எழுதுகிறேன். அளவையர் ஐயா ஒருநாள் வந்து புலப்படம் படிக்க எங்களுக்குக் கற்றுத்தர இயலுமா? டீச்சரம்மா, அந்த வரைபடத்தை என்ன அளவில் அச்சிட்டீர்கள்?