கேபட் டிரெயில்: அக்டோபரில் எந்தத் திசையில் சுற்றுவது?

கேள்வி: கனடாவின் கேப் பிரிட்டன் தீவில், ஏறத்தாழ 298 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையை இலையுதிர்காலத்தில் காரில் சுற்றிவர எண்ணியுள்ளோம். எந்த வாரம் ஏற்றது? எந்தத் திசையில் செல்வது நல்லது?

பதில் 1: மேப்பிள் இலைகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் நன்கு சிவக்கும். அங்கு வண்டிகள் வலப்புறம் செல்வதால், இடஞ்சுழியாகச் சுற்றினால் கடல் உங்கள் பக்கமே இருக்கும். காட்சி முனைகளில், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் எளிதாக ஒதுங்கி நிறுத்தலாம்.

பதில் 2: சரிவின் விளிம்பையொட்டி ஓட்டத் தயங்குபவர்களுக்கு, செட்டிகாம்பிலிருந்து இங்கனிஷ் நோக்கி வலஞ்சுழியாகச் செல்வதே மேல் என்பது என் கருத்து. மூஸ் மான்கள் சாலையைக் கடக்குமாதலால் இருட்டியபின் ஓட்டாதீர்கள்.

பதில் 3: திசையைவிடத் தங்குமிடமே முக்கியம். அக்டோபரில் கெல்டிக் கலர்ஸ் இசை விழாவும் நடைபெறுவதால், அறைகளை முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.